ஃபோல்டருக்கு ஃபோல்டர் புது விண்டோ: அதைத் திறப்பது யார், இடம் பிடித்து வைப்பது யார்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: லினக்ஸில் ஃபோல்டர் ஒவ்வொன்றையும் திறக்கும்போது புதிதாக ஒரு விண்டோ முளைக்கிறது, பத்து ஃபோல்டர் உள்ளே போனால் பத்து விண்டோ மிச்சம். திறக்கிற விண்டோவும் சின்னதாக, ஏதோ ஒரு மூலையில் வந்து நிற்கிறது. இழுத்துப் பெரிதாக்கி நடுவில் வைத்து மூடினாலும் அடுத்த முறை பழைய கதைதான். இதை ஒரே செட்டிங்கில் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. ஒரே தொல்லை போலத் தெரிந்தாலும் இதில் மூன்று பேர் கை இருக்கிறது. ஃபோல்டரை எந்த விண்டோவில் காட்டுவது என்பதை ஃபைல் மேனேஜர் தீர்மானிக்கிறது. அந்த விண்டோவைத் திரையில் எங்கே வைப்பது என்பது விண்டோ மேனேஜரின் வேலை. ஃபோல்டரைத் திற என்று வெளியிலிருந்து கூப்பிடுகிற நிரல், உதாரணத்துக்கு பிரவுசர், மூன்றாவது ஆள். யாருடைய முடிவு என்று தெரியாமல் செட்டிங்கைத் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும், விண்டோ மட்டும் அதே மூலையில் நிற்கும்.

எந்த டெஸ்க்டாப் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் முதலில் ஒரு சோதனை. எல்லா ஃபைல் மேனேஜர் விண்டோக்களையும் மூடுங்கள். மெனுவிலிருந்து ஒன்றைத் திறந்து, அதற்குள்ளே இருக்கிற ஒரு ஃபோல்டரை மவுஸின் இடது பட்டனால் திறங்கள். அங்கேயே புது விண்டோ வந்தால் காரணம் பெரும்பாலும் ஃபைல் மேனேஜரின் செட்டிங்தான். உள்ளே ஒழுங்காகத் திறந்து, டெஸ்க்டாப் ஐகானையோ பிரவுசரின் டவுன்லோடு பட்டியலையோ தொடும்போது மட்டும் புது விண்டோ வந்தால் காரணம் வெளியே இருக்கிறது. புது விண்டோ இல்லாமல் புது டேப் வந்தால் அது பெரும்பாலும் நடு பட்டனின் வேலை. டச்பேடில் மூன்று விரலால் தட்டினால் நடு பட்டன் அழுத்தியதாகத்தான் கணக்கு. இரண்டு விரல் வைக்கும் இடத்தில் மூன்றாவது விரல் லேசாகப் பட்டாலும் போதும். இந்தச் சோதனையோடு சேர்த்து, ஃபைல் மேனேஜரின் மெனுவில் 'அபவுட்' என்பதைத் திறந்து பெயரையும் பதிப்பு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல டெஸ்க்டாப்களில் மெனுவில் வெறும் 'ஃபைல்ஸ்' என்றுதான் இருக்கும், உள்ளே இருப்பது நாட்டிலஸா நெமோவா என்பது அங்கேதான் தெரியும்.

சின்னமன் டெஸ்க்டாப்பின் நெமோ, மாட்டே டெஸ்க்டாப்பின் காஜா, இரண்டில் ஒன்று என்றால் உங்கள் முதல் தொல்லைக்குக் காரணத்தை ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம். 'எடிட்' மெனு, அதில் 'பிரிஃபரன்சஸ்', அதில் 'பிஹேவியர்' பக்கம். அங்கே 'ஓப்பன் ஈச் ஃபோல்டர் இன் இட்ஸ் ஓன் விண்டோ' என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுங்கள், அவ்வளவுதான். நெமோவில் மெனு பட்டையே தெரியவில்லை என்றால் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டினால் மேலே வந்துவிடும். நான் தொடவே இல்லையே, அது எப்படி டிக் ஆனது என்று கேட்பீர்கள். ஒற்றைக் கிளிக்கா இரட்டைக் கிளிக்கா என்று தேர்கிற இடமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அதை மாற்றப் போனவர்கள் கை தவறிப் பக்கத்து வரியைத் தட்டிவிடுவதுண்டு.

அந்த வரி ஏன் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 2004-இல் வந்த க்னோம் 2.6 டெஸ்க்டாப்பில் அதன் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸ் இப்படித்தான் நடந்துகொண்டது, அதுவும் இயல்பாகவே. ஒரு ஃபோல்டருக்கு ஒரு விண்டோ. அந்த விண்டோவில் முகவரிப் பட்டையோ பக்கப்பட்டியோ கிடையாது. கடைசியாக எங்கே, எந்த அளவில் விட்டீர்களோ அங்கேயே அதே அளவில் திரும்பத் திறக்கும். மேஜை மேல் வைத்த காகிதம் வைத்த இடத்திலேயே இருப்பது போல ஃபோல்டரும் இருக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆழமான ஃபோல்டர் அடுக்குகளில் உழல்பவர்களுக்கு நரகம். 2010-இல் க்னோம் 2.30 அந்த இயல்பை மாற்றி, ஒரே விண்டோவில் உலாவும் முறைக்கு வந்தது. க்னோம் 2-இன் வழி வந்த காஜாவிலும், 2012-இல் நாட்டிலஸ் 3.4-இலிருந்து பிரிந்த நெமோவிலும் பழைய விருப்பம் ஒரு டிக் பெட்டியாகத் தங்கிவிட்டது. அந்த முறையே பிடித்துப்போய், விண்டோக் குவியல் மட்டும் பிடிக்கவில்லை என்றால் காஜாவில் ஒரு நடுவழி உண்டு: ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இரட்டைக் கிளிக் செய்தால் புது விண்டோ திறக்கும்போதே பழையது மூடிக்கொள்ளும்.

இப்போதைய நாட்டிலஸில் அப்படி ஒரு விருப்பமே இல்லை. உள்ளே இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அதே விண்டோவில்தான் திறக்கும். அதையும் மீறிப் புது விண்டோ வருகிறது என்றால் கீபோர்டைப் பாருங்கள்: ஷிஃப்டுடன் என்டர் தட்டினால் புது விண்டோ, கண்ட்ரோலுடன் என்டர் தட்டினால் புது டேப். ஷிஃப்ட் விசை சிக்கிக்கொண்ட பழைய கீபோர்டாகவும் இருக்கலாம். ஏதாவது ஓர் எழுத்துப் பெட்டியில் நாலு எழுத்து அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் 'கான்ஃபிகர் டால்ஃபின்' திறந்து, 'இன்டர்ஃபேஸ்' பிரிவில் ஃபோல்டர்கள், டேப்கள் பற்றிய பக்கத்துக்குப் போங்கள். பழைய பதிப்புகளில் இதே விஷயம் 'ஸ்டார்ட்டப்' என்ற பிரிவில் இருக்கும். 'கீப் எ சிங்கிள் டால்ஃபின் விண்டோ, ஓப்பனிங் நியூ ஃபோல்டர்ஸ் இன் டேப்ஸ்' என்ற வரியை டிக் செய்தால், வெளியிலிருந்து வரும் அழைப்புகளும் இருக்கிற விண்டோவில் ஒரு டேப்பாகச் சேரும். டால்ஃபினில் புது விண்டோ வருகிறது என்ற புகாரைவிட, நான் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அது இரண்டு படி உள்ளே போய்விடுகிறது என்ற புகார்தான் அதிகம். அது கோளாறு இல்லை. பிளாஸ்மா 5 வரை ஒற்றைக் கிளிக்கில் திறப்பதுதான் இயல்பு. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-இல்தான் இரட்டைக் கிளிக் இயல்பானது. ஒற்றைக் கிளிக் நிலவும் கணினியில் பழக்கதோஷத்தில் இரட்டைக் கிளிக் செய்தால், முதல் கிளிக் ஃபோல்டரைத் திறக்கும். திறந்த இடத்தில் மவுஸ் முனைக்குக் கீழே தற்செயலாக எது வந்து நிற்கிறதோ அதை இரண்டாவது கிளிக் திறக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் கிளிக் செய்தால் 'திறக்க வேண்டுமா, தேர்வு செய்ய வேண்டுமா' என்று கேட்கிற இடத்தில் 'தேர்வு' என்று மாற்றினால் தீரும்.

எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான துனாரும் உள்ளே ஒரே விண்டோவில்தான் உலாவும். டெஸ்க்டாப் ஐகானிலிருந்தோ பேனலிலிருந்தோ கூப்பிடும்போதுதான் புது விண்டோ. அதற்கு 'பிரிஃபரன்சஸ்', 'பிஹேவியர்' பக்கத்தில் 'ஓப்பன் நியூ துனார் இன்ஸ்டன்சஸ் அஸ் டேப்ஸ்' என்ற விருப்பம். இதில் ஒரு சின்னச் சங்கடம் வரலாம்: ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோ வேறொரு ஒர்க்ஸ்பேசில் இருந்தால், திறந்த ஃபோல்டர் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' என்ற கருவியில் 'ஃபோகஸ்' பக்கத்தில், ஒரு விண்டோ தானாக முன்னுக்கு வர முயன்றால் அதை இந்த ஒர்க்ஸ்பேசுக்கு இழுத்து வருவதா, அது இருக்கும் இடத்துக்கு நாம் போவதா, சும்மா இருப்பதா என்று மூன்று தேர்வுகள் உண்டு. இழுத்து வருவதைத் தேர்ந்தால் இப்படித் தேட வேண்டியிருக்காது.

ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்வதற்காகத்தான் நீங்கள் இரண்டு விண்டோ வைத்திருக்கிறீர்கள் என்றால், டால்ஃபின், நெமோ, காஜா மூன்றிலும் எஃப்3 விசை ஒரே விண்டோவை இரண்டு பாகமாகப் பிரிக்கும். துனாரில் 4.18 பதிப்பு முதல் இது உண்டு. நாட்டிலஸிலும் ஒரு காலத்தில் இருந்தது, 2012-இன் 3.6 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்பதுதான் வழி.

வெளி நிரல்களிலிருந்து வரும் அழைப்புகளுக்கு வருகிறேன். இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு ஆளைப் போய்க் கூப்பிடலாம். முதல் பாதை, ஃபோல்டர் என்ற வகைக்கு எந்த நிரல் இயல்பு என்று பதிவாகியிருப்பதைப் பார்த்து அதைத் திறப்பது. சில கோட் எடிட்டர்களும் படம் பார்க்கும் நிரல்களும் ஃபோல்டரைத் தாங்களும் திறப்போம் என்று பதிவு செய்துகொள்ளும். அப்போது டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தால் சம்பந்தமில்லாத நிரல் வந்து நிற்கும். ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்' வழியாகப் போய், சரியான ஃபைல் மேனேஜரை இயல்பாக வையுங்கள். இரண்டாவது பாதை, பிரவுசரில் 'ஷோ இன் ஃபோல்டர்' தட்டும்போது நடப்பது. அது டிபஸ் என்ற உள் தபால் முறையில் 'ஃபைல் மேனேஜர் யாரப்பா, இந்தக் கோப்பைக் காட்டு' என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். 'ஃபைல் மேனேஜர்' என்ற அந்தப் பெயரை ஏற்கெனவே பிடித்து வைத்துக்கொண்டு ஓடுகிற ஃபைல் மேனேஜர் பதில் சொல்லும். இயல்பு நிரல் எது என்று நீங்கள் வைத்த தேர்வை இந்தப் பாதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே கணினியில் இரண்டு ஃபைல் மேனேஜர்கள் இருந்து, இரண்டுமே ஓடாமல் இருக்கும்போது குரல் வந்தால் எது எழுந்து வரும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. எந்தத் தொகுப்புகள் நிறுவப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒன்றில் மாற்றிய செட்டிங் வேலையே செய்யவில்லை என்று வரும் புகார்கள் சிலவற்றில், எழுந்து வந்ததே மற்றதாக இருக்கும். வந்து நிற்கும் விண்டோவின் 'அபவுட்' பார்த்தால் தெரிந்துவிடும். தேவையில்லாததை நீக்கிவிடுவதுதான் சுத்தமான வழி.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை, அளவும் இடமும். இங்கேதான் குழப்பம் அதிகம். அளவை நினைவில் வைப்பது பொதுவாக ஃபைல் மேனேஜர். இடத்தைத் தீர்மானிப்பது விண்டோ மேனேஜர். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அடிப்படை அமைப்புகள் இரண்டு, புதிய வேலண்டும் பழைய எக்ஸ்11-உம். வேலண்ட் செஷனில் இந்தப் பிரிவு கறாரானது: நான் திரையில் இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று ஒரு சாதாரண நிரல் தானாகக் கேட்டு வாங்க முடியாது. பழைய எக்ஸ்11-இல் முடியும். அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் பழைய யோசனைகள், டெவில்ஸ்பை, டபிள்யூஎம்கண்ட்ரோல் போன்ற கருவிகளை நிறுவச் சொல்பவை, வேலண்டில் பலிப்பதில்லை. உங்களுடையது எது என்பதை க்னோமில் செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கத்தில் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியிலும், பிளாஸ்மாவில் சிஸ்டம் தகவல் பக்கத்தில் 'கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம்' என்ற வரியிலும் பார்க்கலாம்.

நாட்டிலஸ் அளவைத் தானே சேமிக்கும். செட்டிங் மதிப்புகளை நேரடியாகப் பார்த்து மாற்றும் கருவியான டிகான்ஃப் எடிட்டரில் ஆர்க், க்னோம், நாட்டிலஸ், விண்டோ-ஸ்டேட் என்று இறங்கினால் 'இனிஷியல்-சைஸ்' என்று ஒரு மதிப்பு இருக்கும். தொடாமல் விட்டால் 890-க்கு 550. மூடும்போது எழுதப்படும் மதிப்பு இது. இரண்டு விண்டோ திறந்திருந்து, பெரியதை முதலிலும் சின்னதைக் கடைசியிலும் மூடினால் சின்னதன் அளவு பெரியதை அழித்துவிடும். நான் பெரிதாக்கித்தான் மூடினேன் என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். சோதிக்கும்போது ஒரே ஒரு விண்டோவை மட்டும் திறந்து, அளவை மாற்றி, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். இடத்தைப் பொறுத்தவரை க்னோமில் ட்வீக்ஸ் கருவியின் 'விண்டோஸ்' பக்கத்தில் 'சென்டர் நியூ விண்டோஸ்' என்பதை இயக்கலாம். இன்ன நிரலின் விண்டோ இன்ன இடத்தில்தான் என்று விதி போட க்னோமில் உள்ளமைந்த வழி இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, க்னோமின் அடுத்த பதிப்பு வந்ததும் அவை வேலை செய்யாமல் போவது வாடிக்கை, அதற்குத் தயாராக இருந்தால் போடுங்கள்.

எக்ஸ்எஃப்சிஈயில் விண்டோ ஏன் மூலைக்குப் போகிறது என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்', 'பிளேஸ்மென்ட்' பக்கத்தில் ஒரு நகர்த்தும் கோல், சிறியது முதல் பெரியது வரை. திரையின் பரப்பில் இத்தனை விழுக்காட்டுக்குக் குறைவான விண்டோ என்றால் நடுவில் வை. அதற்கு மேற்பட்டது என்றால் மற்ற விண்டோக்களை மறைக்காத காலி இடமாகத் தேடி வை என்பது அதன் பொருள். இயல்பான மதிப்பு 20. 1920-க்கு 1080 திரையில், துனாரின் தொடக்க அளவான 640-க்கு 480 ஏறத்தாழ 15 விழுக்காடு, ஆகவே நடுவில் வரும். அதையே நீங்கள் 1000-க்கு 700 ஆகப் பெரிதாக்கினால் 34 விழுக்காடு ஆகிவிடுகிறது, காலி இடம் தேடி மூலைக்குப் போகிறது. பெரிதாக்கியதே மூலைக்குத் தள்ளியதற்குக் காரணம்! கோலை 'லார்ஜ்' முனை வரை தள்ளிவிட்டு, அதே பக்கத்தில் 'அட் தி சென்டர் ஆஃப் தி ஸ்கிரீன்' தேர்ந்தால் எந்த அளவானாலும் நடுவில் வரும். சின்னமனில் சிஸ்டம் செட்டிங்ஸ், 'விண்டோஸ்', 'பிஹேவியர்'. மாட்டேயில் கண்ட்ரோல் சென்டர், 'விண்டோஸ்', 'பிளேஸ்மென்ட்'. இரண்டிலும் நடுவில் வைக்கும் விருப்பம் நேரடியாகவே இருக்கிறது.

இந்த விஷயத்தில் பிளாஸ்மாதான் கை நிறையக் கொடுக்கிறது. டால்ஃபின் விண்டோவின் தலைப்புப் பட்டையில் வலது கிளிக், 'மோர் ஆக்‌ஷன்ஸ்', அதில் 'கான்ஃபிகர் ஸ்பெஷல் அப்ளிகேஷன் செட்டிங்ஸ்'. 'ஆட் ப்ராப்பர்ட்டி' தட்டி 'சைஸ்', 'பொசிஷன்' இரண்டையும் சேருங்கள். 1920-க்கு 1080 திரையில் 1200-க்கு 800 விண்டோவை நடுவில் வைக்க இடத்தின் மதிப்பு 360, 140. திரையை 150 விழுக்காடு பெரிதாக்கி வேலண்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்குக்கு உங்கள் திரை 1280-க்கு 720 தான். 1200-க்கு 800 அதில் அடங்கவே அடங்காது. ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அதை எப்படிச் செயல்படுத்துவது என்று ஒரு பட்டியல் வரும். 'அப்ளை இனிஷியலி' என்றால் திறக்கும்போது மட்டும். 'ரிமெம்பர்' என்றால் கடைசியாக விட்டதை நினைவில் வைக்கும். உங்களுக்குத் தேவை இந்த இரண்டில் ஒன்று. 'ஃபோர்ஸ்' போட்டுவிட்டு, விண்டோவை நகர்த்தவே முடியவில்லை, மவுஸ் கெட்டுவிட்டதா என்று திகைப்பவர்கள் உண்டு. இன்னும் இரண்டு பொறிகள். விதியை விண்டோவின் தலைப்போடு பொருத்தாதீர்கள், ஃபோல்டர் மாற மாறத் தலைப்பும் மாறும். விண்டோ கிளாஸோடு, அதாவது நிரலின் அடையாளப் பெயரோடு மட்டும் பொருத்துங்கள். விண்டோ வகையில் 'நார்மல் விண்டோ' மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் ப்ராப்பர்ட்டிஸ் பெட்டிகூட 1200-க்கு 800-இல் வந்து நிற்கும். மடிக்கணினியில் வெளித்திரையைச் செருகிக் கழற்றுபவர்களுக்கு ஒன்று: திரை அமைப்பு ஒவ்வொன்றுக்கும் டால்ஃபின் தனித்தனி அளவை வைத்துக்கொள்கிறது. செருகியதும் அளவு மாறினால் மறதி என்று நினைக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் எந்த மாற்றமும் நிலைக்கவில்லை, கணினியை மறுபடி தொடங்கினால் பழையபடி ஆகிறது என்றால் உரிமையைச் சந்தேகியுங்கள். எப்போதாவது ஃபைல் மேனேஜரை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையில், இயக்கியிருந்தால், ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரின் சில கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் உடைமையாகியிருக்கலாம். அதன் பிறகு நீங்கள் செய்யும் மாற்றம் அந்த அமர்வில் தெரியும், டிஸ்க்கில் எழுதப்படாது. கண்ட்ரோல், எச் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். கான்ஃபிக் உள்ளே டிகான்ஃப் ஃபோல்டர், டால்ஃபினின் கோப்பு இவற்றின் ப்ராப்பர்ட்டிஸில் 'ஓனர்' உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் சோன் (chown) கட்டளையால் உடைமையைத் திருப்பி வாங்க வேண்டும். மொத்தக் கான்ஃபிக் ஃபோல்டரையும் அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரவுசர் முதல் மெயில் வரை பல நிரல்களின் செட்டிங் அங்கேதான் வாழ்கிறது. கோப்பைக் கையால் திருத்துவதாக இருந்தால் முதலில் ஃபைல் மேனேஜரை முழுதாக நிறுத்துங்கள். விண்டோவை மூடினாலும் பின்னணியில் சில ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு தன் நினைவில் இருப்பதை உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். நாட்டிலஸ், நெமோ, காஜா, துனார் நான்குக்கும் டெர்மினலில் பெயரைச் சிறிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் க்யூ எழுத்தும் ஒட்டி அடித்தால் முழுதாக நிற்கும்.

ஒருவேளை நீங்கள் உண்மையில் விரும்புவது ஒவ்வொரு ஃபோல்டரும் தனக்கென ஓர் அளவையும் இடத்தையும் நினைவில் வைப்பது என்றால், அது இன்று அரிது. டால்ஃபினும் துனாரும் ஃபோல்டர்வாரியாக நினைவில் வைப்பது காட்சி முறையையும் வரிசைப்படுத்தலையும்தான், விண்டோவின் அளவை இல்லை. அதற்குக் காஜாவில், மேலே எடுக்கச் சொன்ன அதே டிக்கைத் திரும்பப் போட வேண்டும்.